நாகதாளிப் பழம்

ஜூலை 9, காலை 10.10. கடும் வெயில், காற்றே இல்லை.

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் நிற்கிறேன். பதினொரு மணிக்கு நொத்தாரிசு கந்தோரில் என் காணி உறுதிப் பத்திரத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டும். ஆனால் பேனை பிடிக்க முடியவில்லை.

காரணம், வேலியோர நாகதாளிக் கள்ளி. அதன் பழம் தாகத்துக்கு நல்லது என்பார்கள். மடலில் இருந்த முப்பத்தேழு முட்களையும் எண்ணி, ஒன்றும் படாமல்தான் பறித்தேன். பழத்தில் மயிர்போலக் கிடந்த சுணையை யார் கண்டது? இப்போது பேனை பிடிக்கும் மூன்று விரல்களிலும் அதுதான் குத்தி நிற்கிறது.

பக்கத்தில் கருவாடு காயவைக்கும் அம்மா சிரிக்கிறார்.

"தடியால தட்டி விழுத்தி, மணலில செருப்பால உருட்டிப்போட்டெல்லோ தொடவேணும், ஐயா!"

"இதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் முள்ளு எண்ணிக்கொண்டு நிண்டனீங்கள். கணக்குப் பிழைச்சுப்போமெண்டு பேசாமல் இருந்தனான்."

அவர் சொற்படி, எதிர்க்கடையில் டியூப் ஒட்டும் பசை வாங்கி, விரல்களில் பூசிக் காயவிட்டு உரிக்கிறேன். பசையோடு சுணையும் வருகிறது. அறுபத்திரண்டு வரை எண்ணுகிறேன், மணி 10.50. இனி நடந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர ஏலாது.

ஓட்டோவில் ஏறித் திரும்பிப் பார்க்கிறேன். அந்த அம்மா நான் போட்டுவிட்டு வந்த என் பழத்தை மணலில் உருட்டி, உரித்து, வாய் சிவக்கத் தின்கிறார்.

பசை இருநூறு, ஓட்டோ முந்நூறு. மொத்தம் ஐந்நூறு ரூபாய்.