இரண்டாவது கரண்டி

அலுமாரி திறபடும்போது வருகிற பூச்சியுருண்டை மணத்தை எட்டு வயதில் நான் அடியோடு வெறுத்தேன். அந்த மணம் வந்தால் அம்மா நாவல் நிறச் சேலையை எடுக்கிறார், அப்பா சைக்கிளைத் துடைக்கிறார், என்னைப் பக்கத்து வீட்டில் தள்ளிவிட்டு இருவரும் ஒட்டுசுட்டானுக்கு வங்கிக்குப் போகப்போகிறார்கள் என்று அர்த்தம்.

அவர்களுடையது கூட்டுக் கணக்கு. ஒருவர் கையெழுத்தே போதும் என்றும் வைக்கலாம், இருவரும் வந்தால்தான் என்றும் வைக்கலாம். அம்மா பிடிவாதமாக இரண்டாவதைக் கேட்டு எடுத்தாராம். "இந்த மனிசன் ஆர் வந்து அழுதாலும் தூக்கிக் குடுத்திடும். நானும் போனால்தான் காசு வெளியில வரவேணும்" என்பது அவருடைய கதை. ஆகவே காசு எடுக்கும்போதெல்லாம் சோடிப் பயணம். அம்மா "கரியரில்" ஒருபக்கமாக இருந்து, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு போவார். குசினியில் சமைக்கும்போது ஒருநாளும் காணாத சிரிப்பு. எனக்கு வயிறு பற்றி எரியும்.

வங்கிப் புத்தகத்தில் இருவர் பெயரும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒருநாள் நீலப் பேனையால் மூன்றாவதாக என் பெயரை எழுதி, கீழே பெரிய கையெழுத்தும் போட்டுவிட்டேன். வங்கியில் நீட்டியபோதுதான் பார்த்தார்களாம். புதுப் புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். அம்மா பூவரசங் கம்பை முறித்தார். அப்பா மறித்தார். "விடுமப்பா. இவவும் இப்ப கணக்குக்காரியெல்லே! அடுத்தமுறை கூட்டிக்கொண்டு போவம்."

போனேன். வங்கியில் ஒரு மண்ணும் நடக்கவில்லை, கதிரையில் காத்திருந்ததுதான். பிறகு "கூல்பார்". எனக்கு முழுதாக ஒரு ஐஸ்கிறீம். அவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்று, இரண்டு கரண்டிகளோடு.

"உனக்குத்தானே முழுசு, பிறகேன் மூஞ்சையை நீட்டுறாய்?" என்றார் அம்மா.

எப்படிச் சொல்வது? எனக்கு அவர் கையிலிருந்த அந்த இரண்டாவது கரண்டிதான் வேண்டியிருந்தது.

இப்போது அந்தக் கூல்பார் போன் கடையாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்ததும் கணக்கை ஒருவர் கையெழுத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்பா அட்டையோடு தனியே போய்த் தனியே வருகிறார். நாவல் சேலை அலுமாரிக்குள்ளேயே கிடக்கிறது.

போன கிழமை வவுனியாவில், அடுத்த மாதம் நான் கட்டப்போகிற சுதனோடு கூட்டுக் கணக்குப் படிவம் நிரப்பினேன். அவர் "ஒருவர் போதும்" என்ற பெட்டியில் பேனையை வைத்தார். பறித்து மற்றதில் சரி போட்டேன்.

"உமக்கென்ன விசரே? காசு எடுக்கிற நேரமெல்லாம் நான் லீவு போடுறதே?"

"ஓம், போடுங்கோ. அப்பிடியே ஐஸ்கிறீமும் வாங்கித் தாங்கோ. ரெண்டு பேருக்கும் ஒண்டு போதும்."