இதர என்று எழுதிய கட்டு

இந்த ஊரில் ஒரு நாளைக்கு நாலு பேராவது என்னிடம் சந்தோஷமா என்று கேட்டுவிடுகிறார்கள். வங்கியில் படிவம் நீட்டும் பெண், பல் மருத்துவர், ஒழுகும் கூரையைச் சரிசெய்ய வந்தவர், எல்லோரும். "ஆர் யூ ஹாப்பி வித் தட்?" என்றால் இதற்கு உங்களுக்குச் சம்மதம்தானே என்றுதான் பொருள். கிளாஸ்கோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அது எனக்குத் தெரியாது. வங்கியில் கேட்ட பெண்ணிடம், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, எனக்கு மனசே சரியில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேலாளரை அழைத்து வந்தாள். இருவரும் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். கணக்கு மட்டும் அன்றைக்குத் தொடங்கவில்லை.

இந்த ஊர் நகராட்சியில் தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்து, பத்து வருடத்தில் ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு வந்தேன். நாற்பத்து மூன்று வயதில், தகவல் மேலாண்மையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். வேலையில் இருப்பவர்களுக்கான படிப்பு அது. செய்கிற வேலையையே எடுத்துக்கொண்டு, அதில் எங்கே தவறு நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று வருடக்கணக்கில் யோசித்து எழுத வேண்டும். "இனிமே படிச்சி என்னா பண்ணப் போற?" என்று திருவண்ணாமலையிலிருந்து தங்கை போனில் கேட்டாள். சனிக்கிழமைகளில் கணவரும் மகளும் நீச்சல் குளத்துக்குப் போக, நான் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் ஆய்வு நெறியாளர் ஃபியோனா என்னைவிடப் பத்து வயது இளையவர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். எனக்கு அது வரவில்லை. இரண்டு வருடம் எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்தேன். காணாமல் போகும் கோப்புகளைப் பற்றிய என் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அவர், "இதில் எல்லோரும் இருக்கிறார்கள், நீங்கள்தான் இல்லை. நீங்கள் எதைத் தொலைத்தீர்கள்?" என்று கேட்டார். புலம்பெயர்ந்தவளிடம் கேட்கும் கேள்வி என்று நினைத்து, "ஊரை" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "மன்னிக்க வேண்டும். ஃபைல் எதையாவது தொலைத்தீர்களா என்று கேட்டேன்."

தொலைத்திருந்தேன். பதினைந்து வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது, நான் அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். வேலூரிலிருந்து பழைய ஆவணங்கள் லாரியில் வந்து இறங்கின. என்னையும் உடன் வேலை பார்த்த சரஸ்வதி அக்காவையும் ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். வெயில் வேறு, தூசியில் இருவருக்கும் தும்மல் நிற்கவில்லை. கடைசி நாள் மாலை, மேல்தாள் கிழிந்து ஊர் பெயர் தெரியாத ஒரு கட்டு என் கைக்கு வந்தது. பிரித்துப் பார்க்க அரை மணி ஆகும். நான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 'இதர' என்று ஒரு சீட்டு எழுதிச் செருகி, மூலையில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சில மாதம் கழித்து அடி அண்ணாமலையிலிருந்து ஏழுமலை என்பவர் வந்தார். அவர் அப்பா காலத்தில் நிலத்தை அளந்து, அவர் பங்கைத் தனியாகப் பிரித்துக் கொடுத்த உத்தரவின் நகல் வேண்டும். பெரியப்பா மகன் அந்த நிலம் தனக்குத்தான் என்கிறான். அடி அண்ணாமலைக் கட்டில் தேடினேன், இல்லை. "வேலூர்லயே இருக்கும்ண்ணா, அங்க போய்க் கேளுங்க" என்றேன். போனார். அவர்கள் இங்கே அனுப்பினார்கள். மறுபடி வந்தார். இரண்டாவது தடவையே எனக்கு அந்த மூலைக் கட்டின் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் எழுந்துபோய்ப் பிரித்தால், ஏன் முதலிலேயே பிரிக்கவில்லை என்று கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "வேலூர்ல நல்லாத் தேடச் சொல்லுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கல்யாணமாகி விமானம் ஏறிவிட்டேன்.

இதைக் கேட்ட ஃபியோனா, "போய்ப் பாருங்கள்" என்றார். பேட்டி கொடுப்பவர்களிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், யார் பெயரையும் ஆய்வில் போடக்கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் எத்திக்ஸ் கமிட்டி எனும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் விதி. படிவத்தைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

சரஸ்வதி அக்கா இப்போது அதே பிரிவில் கண்காணிப்பாளர். படிவத்தை இரண்டு முறை படித்தார். "கையெழுத்து போட்டுட்டு, எப்ப வேணும்னாலும் வேணாம்னு சொல்லிடலாம்னு போட்டிருக்குது. நம்ம ஆபீஸ்ல அப்படி எங்கயாச்சும் உண்டாம்மா? நான் எதுலயும் போட மாட்டேன். நீ கேளு, வாயால சொல்றேன்." கையெழுத்து இல்லாமல் அவர் சொல்வது எதையும் என்னால் பயன்படுத்த முடியாது. நோட்டை மூடிவிட்டு, ஏழுமலையைப் பற்றிக் கேட்டேன்.

"அந்த ஃபைலா? கெடச்சிதே. நீ போய் மூணு வருஷம் கழிச்சி, ரேக் மாத்தறப்ப. இதரனு எழுதி வெச்சிருந்த கட்டுல. அவருக்கு நகலும் குடுத்துட்டோம்." அவர் என்னையே பார்த்தார். "உன் கையெழுத்து எனக்குத் தெரியாதாம்மா? நான் யார்கிட்டயும் சொல்லல."

அன்று மாலையே அடி அண்ணாமலைக்கு ஆட்டோ பிடித்தேன். கிரிவலப் பாதையில் ஏழுமலைக்கு ஒரு டீக்கடை. தலை முழுக்க நரைத்திருந்தது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. நானே சொன்னேன்: லாரி, மூலை, பஸ், ஞாபகம் வந்தும் வாயைத் திறக்காதது. பாய்லரின் குழாயை மூடிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"பதினோரு வாட்டி வேலூர் போனேன்மா. நீங்க அப்பவே சொல்லியிருந்தா ஒரு வாட்டியோட முடிஞ்சிருக்கும்."

"தப்புதாண்ணா."

"நெலம் போனதுகூடப் பெருசில்ல. பேப்பர் இல்லன்னதும் ஊர்ப் பெரியவங்க பெரியப்பா மவனுக்கே குடுத்துட்டாங்க. சரினு விட்டுட்டேன். அப்புறம் பேப்பர் வந்துச்சே, அப்பதான் மானம் போச்சி. இத்தன வருசம் இல்லாத பேப்பர் திடீர்னு எப்பிடி மொளைக்கும், காசு குடுத்துச் செஞ்சிட்டான்னான் பங்காளி. எல்லாரும் நம்பிட்டாங்க. என் தம்பிகூட."

மன்னிப்புக் கேட்டேன். பிறகு, தயங்கித்தான், இதை என் படிப்பில் எழுதலாமா என்று கேட்டுப் படிவத்தை நீட்டினேன். அவர் பெயர் வெளியே வராது என்று உறுதி சொன்னேன்.

"பேரு வராதா? அப்ப எனக்கென்னா பிரயோஜனம்?" என்றார். கோபமில்லை; உண்மையாகவே புரியாமல் கேட்டார். "உங்க படிப்புக்கு நான் போடறேன். எனக்கு நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க. ஏழுமலை பேப்பர் அங்கதான் இருந்துச்சி, நான்தான் மாத்தி வெச்சேன்னு. என் பேரு, எங்கப்பா பேரு, எல்லாம் போட்டு."

அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நான் அவர் கடையில் உட்கார்ந்து, வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகலை அலுவலகத்துக்கும் கொண்டுபோனேன். "ஏம்மா வம்பு?" என்று சரஸ்வதி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "கையில வாங்க மாட்டேன். தபால்ல போடு. வந்த கடிதத்த நான் ஒண்ணும் பண்ண முடியாது, நம்பர் போட்டு ஃபைல்லதான் வெக்கணும்" என்றார். எதிரில் இருந்த தபால் பெட்டியில் போட்டேன்.

நிலம் திரும்பி வரவில்லை. ஆனால் ஏழுமலை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கடிதத்தைப் படித்துக் காட்டிய மறுநாள் அவர் தம்பி கடைக்கு வந்து டீ குடித்ததாகவும், பங்காளி இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்றும் அக்கா போனில் சொன்னார். ஊர் எதிரில் அசிங்கப்பட்ட மனுஷனுக்கு அது போதுமா என்று எனக்குத் தெரியாது. போதும் என்று அவர் சொன்னாராம்.

மறு வருடம் பட்டம் கிடைத்தது. என் ஆய்வேடு நீல அட்டை போட்டு இங்கே பல்கலைக்கழக நூலகத்தில் நிற்கிறது. இப்போது என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கிறது. ஆய்வேட்டில் ஏழுமலை வெறும் பங்கேற்பாளர் எண் நான்கு. ஐயாயிரம் மைலுக்கு அப்பால், துணியில் கட்டிய ஒரு கோப்பில், அவர் பெயரும் அவர் அப்பா பெயரும் முழுதாக உள்ள ஒற்றைத்தாள் இருக்கிறது. அதன் அடியில் நான், முன்னாள் இளநிலை உதவியாளர், அவ்வளவுதான். இங்கே படிப்பவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அங்கே இருப்பவர்களுக்கு இது தேவையில்லை.