வலக்கைக்கு மாறிய கிளி

நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை, தீர்ப்பு சொன்ன பிறகு வாதாடும் வக்கீலுக்குக் கிடைப்பது. அதனால் காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவேன். ராஜபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு முன்னறை ஒரு தையல் கடை. எனக்கு முன்பே என் மனைவி காய் நறுக்கும் தட்டோடு அங்கே இருப்பாள். தையல்காரி மிஷினை நிறுத்தாமல் பேசுவாள். விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படுவது, முந்தின இரவு டிவியில் வந்த சரித்திரத் தொடர்.

பாளையக்காரர் காலத்துக் கதை. அக்காள் கோட்டையில் ராணி. தங்கை கோபித்துக்கொண்டு மலையடிவாரத்தில் தனியாக இருக்கிறாள். மீதியெல்லாம் நகையும் விளம்பரமும். ஆனால் இந்த இருவரைப் பொறுத்தவரை அதில் சும்மா வருவது எதுவுமே கிடையாது. ராணி நீலப் புடவை கட்டினால் அதற்கு ஓர் அர்த்தம். விளக்கு அணைந்தால் இன்னொன்று.

"காற்று அடித்திருக்கும்" என்பேன்.

"மதினி, அண்ணாச்சிய வெளிய உக்காரச் சொல்லுங்க" என்பாள் தையல்காரி.

ராணியின் இடக்கையில் எப்போதும் ஒரு கிளி. இதில் மட்டும் மூவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆண்டாளுக்குத் தினமும் இலையால் புதிதாகச் செய்த கிளியை வைப்பது இடக்கையில்தான். ஆகவே உலகத்தில் எந்த ராணிக்கும் கிளி இடக்கையில்தான் இருக்க வேண்டும். தையல்காரி முஸ்லிம். ஆனால் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், தேர் போகும் தெருவுக்குப் பின்னால். "இம்புட்டு சோடிச்சவனுக்குக் கிளிய எங்க வைக்கணும்னு தெரியாமலா இருக்கும்?" என்று தொடர் எடுத்தவருக்கு அவளே நற்சான்று கொடுத்திருந்தாள்.

அவளுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அக்காள் உண்டு. லாத்தா என்பாள். அம்மா இறந்த அன்று லாத்தா தகவல் சொல்லிவிடத் தாமதித்துவிட்டாள். இவள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இப்போது லாத்தா ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறாள். புறப்படுகிறவர்கள் சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாரையும் பார்த்து, "குத்தங்குறை இருந்தா பொறுத்துக்கோங்க" என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தையல்காரி காத்திருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் வாசலில் ஆட்டோ நின்றால் மிஷின் நின்றது.

"கொழுந்தியாகிட்ட கேக்கத் தளவாய்புரம் வரைக்கும் போயிருக்கா, மதினி" என்றாள் ஒரு நாள். "ராஜபாளையத்தத் தாண்டாம தளவாய்புரம் போயிர முடியுமா? நம்ம பஸ் ஸ்டாண்டுல எறங்கி, பஸ் மாறிப் போயிருக்கா."

மனைவி கத்தரிக்காயை வைத்துவிட்டாள். தையல்காரி என் பக்கம் திரும்பினாள்.

"போன்ல கேட்டா செல்லுமா, அண்ணாச்சி?"

"நேரில் சார்வு செய்வதுதான் முறை" என்றேன். சம்மன் கொடுப்பதற்கு நாங்கள் பயன்படுத்தும் சொல் அது. சொன்ன பிறகுதான், அவள் கேட்டது முறையைப் பற்றி அல்ல என்று எனக்குப் பட்டது.

அந்த வாரம் ஓர் இரவு எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. தொடரைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலையில் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோத் துண்டை மூவரும் தையல்காரியின் போனில் பார்த்தோம். ராணி அரியணையில் இருக்கிறாள். கிளி வலக்கையில்.

மிஷின் நின்றது.

"கை மாறிட்டு" என்றாள் என் மனைவி. "ஏட்டி, இடக்கை வச்சுக்கிடுத கை. வலக்கை குடுக்கிற கை. அவ மனசு எறங்கிட்டா. வாயால கூப்பிட கௌரவம் விடல. சின்னவ போய் நின்னாப் போதும்."

"தப்பு செஞ்சவ அங்க இருக்கா. இவ எதுக்குப் போகணும்?"

"யாராவது ஒருத்தி போகணும்லா."

"கிளிக்கு ஒரே பக்கம் உட்கார்ந்து கால் மரத்திருக்கும்" என்றேன். இருவரும் சிரிக்கவில்லை. தையல்காரி அந்தத் துண்டை மறுபடியும் ஓட விட்டாள். பிறகு இன்னொரு முறை. கடைசியில் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, "நாளைக்கு என்கூட செத்த வாரீகளா, மதினி?" என்றாள்.

அன்று மதியம் டிவியில் மறு ஒளிபரப்பு. எங்கள் வீட்டில் நானும் மனைவியும் பார்த்தோம். ராணியின் கிளி வழக்கம்போல இடக்கையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஓலை எழுதும் கணக்குப்பிள்ளை, போனில் இடக்கையால் எழுதியவர், டிவியில் வலக்கையால் எழுதினார். விஷயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. திருட்டுத்தனமாகப் படம் போடுகிறவர்கள் பிடிபடாமலிருக்க, கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றிப் போடுகிறார்கள். ராணி மனம் மாறவில்லை, படம்தான் திரும்பியிருக்கிறது.

நான் செருப்பைத் தேடினேன். பிழையான சாட்சியத்தை வைத்து ஒருத்தி முடிவெடுத்திருக்கிறாள். தெரிந்தவன் சொல்ல வேண்டாமா?

"எங்க போறீக?"

"கிளி இடக்கையில்தான் இருக்கிறது."

"எனக்கும் கண்ணு இருக்கு. பேசாம உக்காருங்க. அவ போகணும்னு நெனச்சு எம்புட்டு நாளாச்சுன்னு எனக்குத் தெரியும். கிளி என்ன, காக்கா உக்காந்திருந்தாலும் போயிருப்பா."

சாட்சியம் தள்ளுபடியானால் தீர்ப்பும் போய்விடும் என்பதுதான் நான் படித்த சட்டம். உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் தையல்காரி ஜன்னலோரம் உட்கார்ந்து, வழி நெடுக, "வீட்டுல இல்லாட்டா திரும்பி வந்துருவோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். லாத்தா வீட்டில்தான் இருந்தாள். கூடம் முழுக்கப் பையும் துணியும். வாசலில் தங்கையைப் பார்த்ததும் கையிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த துண்டு அது.

"நானே வரணும்னு இருந்தேன்" என்றாள் லாத்தா.

"தளவாய்புரம் போறப்பவா?"

"அன்னைக்கும் ஒன் தெரு முக்கு வரைக்கும் வந்தேன். நீ கதவச் சாத்திருவியோன்னு…" பேச்சை விட்டுவிட்டு, எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னாள். "முந்திப் பிந்தி ஏதும் குத்தங்குறை இருந்தா பொறுத்துக்கோ."

"ஊருக்கெல்லாம் சொன்னத எனக்கும் சொல்லாத, லாத்தா. என்ன செஞ்சியோ அதச் சொல்லிக் கேளு."

என் மனைவி என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். ஆனால் அந்த வீட்டு வாசல், பேச்சு கேட்காத தூரத்தில் இல்லை.

"அம்மா மௌத்தானத ஒனக்கு நான் உடனே சொல்லல" என்றது லாத்தாவின் குரல். "போன எடுத்தேன், வச்சேன். சொன்னா அது நெசமாயிருமேன்னு இருந்துச்சுட்டி. பொறவு ஆளுக வந்துட்டாக. எல்லாம் கை மீறிப் போச்சு. அதப் பொறுத்துக்கோ."

உள்ளே பையை நகர்த்திவிட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"பொறுத்துட்டேன். அங்க போய் அம்மாவுக்குன்னு தனியா துஆ கேளு. என் பேரையும் சேத்துச் சொல்லு."

"ஒம் பேரச் சொல்லாமலா? சென்னை வரைக்கும் வழியனுப்ப வாரியா?"

"கடைய யாரு பாப்பா? ரெண்டு கல்யாண வேல கெடக்கு."

"அப்ப வரல?"

"வரலன்னா சொன்னேன்? கடைய யாரு பாப்பான்னுதான் கேட்டேன்."

சற்று நேரத்தில் தையல்காரி வாசலுக்கு வந்து, கடைச் சாவியை என் மனைவி கையில் கொடுத்தாள். கேட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று விளக்கினாள். என்னைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் சொல்லிராதீக, அண்ணாச்சி. மதினி சொல்லட்டும்" என்றாள்.

நாங்கள் இருவர் மட்டும் பஸ் ஏறினோம்.