பனிக்கு நிமிர்த்திய பேனல்கள்

கண்டக்குழி என்ற கடலோர ஊரின் மீன்பிடிக் குடும்பத்து இப்ஹாம் ஆறு வருஷம் ருமேனியா மலைகளில், கரண்ட் எட்டாத விடுதிகளுக்குச் சோலார் பேனல் பூட்டினான். பனி தங்காமல் சறுக்கி விழ, பேனலைச் செங்குத்தாக நிமிர்த்துவது அவன் கைப்பழக்கமாகிவிட்டது. ஊர் திரும்பியவன், மீன் வைக்கும் பிரிட்ஜுக்காகக் கடற்கரையில் மீனவர் தங்கும் வாடிக் குடிசையின் கூரையிலும் நாலு பேனலை அப்படியே நிமிர்த்தினான். “காத்துப் பிடிக்கும், படுக்க வைங்க” என்ற மனைவி சிபானாவை, “நீ எத்தின பேனல் பூட்டியிருக்காய்?” என்று வாயடைக்க வைத்தான். கெட்டிக்காரன்!

மே மாதத்தில் கடலிலிருந்து வீசும் கச்சான் காற்று நாலையும் பிடுங்கித் தென்னையில் அடித்து நொறுக்கியது. இனி வேறு வாங்க வழியில்லை.

கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவனிடம் சிபானா மெதுவாகக் கேட்டாள்: “உங்கட வாப்பாவத் தோணியோட கொண்டுபோனதும் இந்தக் கச்சான்தான் எண்டு நான் போன்ல சொல்லக்குள்ள, அப்பிடி அழுதீங்களே. அதுவுமா மறந்துபோச்சு?”