கித்தான் கால்சட்டையில் அரவேணு வரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கோவை கணபதியிலிருந்து கிளம்பினேன். சித்திரை வெயில் ஏறுவதற்குள் நான் மலை ஏறிவிட வேண்டும் என்பது திட்டம். மேட்டுப்பாளையம் முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து கோத்தகிரி சாலையில் இன்னும் ஓர் இருபத்தைந்து போனால் அரவேணு. பெட்ரோல் நிறைந்திருந்தது, சக்கரங்களுக்குக் காற்று அடித்தாயிற்று. ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு முறை வண்டியை உதைத்துக் கிளப்பி, இரண்டு முறையும் அணைத்துவிட்டு, எதையோ மறந்தவன்போல உள்ளே போய் வந்தேன்.

போகிற காரியம் அப்படி. தங்கை சரசு பீளமேட்டில் ஒரு மில்லில் வேலை பார்த்தாள். அங்கேயே ஃபிட்டராக இருந்த தியாகராஜாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று தை மாதமே சொல்லிவிட்டாள். அவனுடைய அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அரவேணுவுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் வேலை. சிலோனிலிருந்து ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்த வருடங்கள் அவை. பையனைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் 'சிலோன்காரங்க' என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கத்தில் பேச்சைக் கொஞ்சம் நிறுத்துவார்கள். நானும் அப்படி நிறுத்துகிறவன்தான். அப்பா இல்லாத வீடு, அதனால் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வருவது அண்ணன் தலையில் விழுந்தது.

அம்மா வாசலில் நின்று சொன்னாள்: "கண்ணு, டீத்தண்ணி குடிச்சாத் தப்பில்ல. புடிச்சிருந்தா மட்டும் கை நனைச்சுட்டு வா. புடிக்கலீன்னா ஒருவாய்ச் சோறு வேண்டாம். அவுங்களே புரிஞ்சுக்குவாங்க."

சம்பந்தம் பேசுகிற வீட்டில் சோறு தின்றால் சம்மதம், தின்னாவிட்டால் இல்லை. அதற்கு மேல் பேச்சே தேவையில்லை. சரசு அடுப்படியில் இருந்தாள். எட்டிப் பார்க்கவில்லை, ஆனால் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

இங்கே என் கால்சட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னுடையது செகண்ட் ஹேண்ட் மோட்டார் சைக்கிள், இரண்டு பக்கமும் சைலன்சர். வாங்கிய புதிதில் வேட்டியோடு ஓட்டிப் பார்த்தேன். மடித்துக் கட்டினால் கால் வெந்தது, இறக்கி விட்டால் செயினில் மாட்டப் பார்த்தது. ஊரெல்லாம் டெரிலின் பெல்பாட்டம் போட்ட காலம், நானும் ஒன்று தைத்துப் போட்டேன். பங்குனியில் காரமடைக்குப் பக்கத்தில் ஜல்லியில் சறுக்கி விழுந்தபோது முட்டி தேய்ந்தது. அதைவிட மோசம், சைலன்சரில் பட்ட டெரிலின் உருகிக் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுத்த கதையை எழுதாமல் விடுகிறேன். தெரிந்தவர் ஒருவர் தோல் கால்சட்டை இரவல் கொடுத்தார். சித்திரையில் அதைப் போட்டுக்கொள்வது இட்லிப் பானைக்குள் இறங்கி உட்காருவதுதான். கடைசியில் உக்கடத்தில் லாரித் தார்ப்பாய் தைக்கிற டெய்லரிடம் போய் நின்றேன். கித்தான் துணி பதினெட்டு ரூபாய், கூலி ஆறு. முட்டியில் இரட்டைத் துணி கொடுத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்தார்.

"விழுந்தீங்கன்னா ரோடுதானுங்க தேயும், இது தேயாது" என்றார். "ஆனா ஒண்ணு. ரெண்டு நாள் தண்ணியில ஊறப்போட்டு, அடிச்சுத் தொவைச்சுட்டுப் போடுங்க. இல்லீன்னா மொதத் தண்ணிக்கே சுருங்கிப் போகுமுங்க."

அவர் சொன்னது சனிக்கிழமை சாயங்காலம். இரண்டு நாள் காத்திருக்கிற சாதியா நான்?

ஏழு மணிக்கு மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தேன். அதற்குள்ளேயே வெயில் சுள்ளென்று இருந்தது. கால்சட்டைக்குள் வேர்வை வழிந்து செருப்பில் இறங்கியது. முட்டிப் புண் எரிந்தது. உருளைக்கிழங்கு மண்டிக்கு எதிரே இருபது பைசாவுக்கு ஒரு டீ குடித்தேன், உட்காராமலே. பக்கத்துக் குழாயில் குளித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இந்த வேகாட்டுல என்னத்தப் போட்டுட்டு வந்திருக்கீங்க?"

"கித்தானுங்க. விழுந்தா அடிபடாது."

"விழறதுக்கு முன்னாலயே வெந்து போயிருவீங்களாட்ட இருக்குது. நல்லா நனைச்சுட்டுப் போங்க. காத்துக்குச் சிலுசிலுன்னு இருக்கும்."

நல்ல யோசனையாகப் பட்டது. இடுப்பிலிருந்து இரண்டு வாளி ஊற்றிக்கொண்டேன். பவானிப் பாலம் தாண்டிப் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே போகும்போது அந்த டிரைவரை மனதார வாழ்த்தினேன். நனைந்த கித்தானுக்குள் காற்று புகுந்து கால் இரண்டும் குளிர்ந்தன. பத்து நிமிடம் நான்தான் ராஜா.

எட்டே கால் மணி, குஞ்சப்பனை. பலாப்பழம் அறுத்து விற்றார்கள், சுளை பத்துப் பைசா. நான்கு சுளை தின்றேன். கோத்தகிரி பஸ் ஒன்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் மர நிழலில் உட்கார்ந்து கதை பேசினார்கள். நான் வெயிலில் நின்று கால்சட்டையைக் காய வைத்தேன். ஈரத்தோடு சம்பந்தி வீட்டுக்குப் போக முடியாது. வேட்டி பையில் இருந்தது. எஸ்டேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. மறுபடி மலை ஏறத் தொடங்கியும் மனம் ஒரு நிலையில் இல்லை. காடு கரை இல்லாத குடும்பம் என்று ஒரு வளைவில் தோன்றும். தங்கையை மில் வேலைக்கு அனுப்புகிற எங்கள் வீட்டுக்கு என்ன பெரிய காடு கரை என்று அடுத்த வளைவில் தோன்றும். ஒரு முடிவோடு மலை ஏற வேண்டும் என்றிருந்தேன், முடிவு வரவில்லை.

ஒன்பதரைக்கு அரவேணு. மேட்டுப்பாளையத்தின் சூடு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கடைவீதியில் நான்கைந்து கடைகள்தான், அவற்றின் முதுகிலேயே தேயிலை ஆரம்பித்துவிடுகிறது. மளிகைக் கடைக்காரர் யாரிடமோ படுக பாஷையில் பேசிக்கொண்டிருந்தவர், என்னிடம் தமிழுக்கு மாறி, மேலே இரண்டு மைல், ஃபேக்டரி தாண்டி இடது பக்கம் என்று வழி சொன்னார். ஃபேக்டரிக்கு முந்தின வளைவில் வண்டியை நிறுத்தி, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து வேட்டி மாற்றப் போனேன். அப்போதுதான் உக்கடத்து டெய்லரின் சொல் நினைவுக்கு வந்தது.

கால்சட்டை கழலவில்லை. காய்ந்து, சுருங்கி, பலகையாகி, வண்டியில் உட்கார்ந்திருந்த வளைவிலேயே இறுகியிருந்தது. முட்டியில் போட்டிருந்த கட்டோடு உள்துணி ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தால் உயிர் போயிற்று. காலை முழுக்க நீட்டவும் முடியவில்லை, முழுக்க மடக்கவும் முடியவில்லை. தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் அப்படியே வண்டியில் ஏறினேன். பெண்ணின் அண்ணன் என்கிற மிடுக்கோடு போய் இறங்க வேண்டியவன், படுத்த படுக்கையிலிருந்து முதன்முறை எழுந்து நடக்கிறவன்போல இறங்கி நடந்தேன்.

பத்தரை மணி இருக்கும். தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் நான்காவது. நான் வருவதைத் தியாகராஜா மில்லிலிருந்து முன்பே எழுதிப் போட்டிருந்தான். அவனுடைய அப்பா சன்னாசி வாசலுக்கு வந்து கும்பிட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர்களின் முறுக்கேறிய கை. அம்மா பூமணி உள்ளே கூட்டிப் போனார். ஒரே அறை. அதை அவர்கள் காம்பரா என்றார்கள். சுவரோரம் கப்பலில் வந்த தகரப் பெட்டி. தரையில் ஒரு புதுப் பாய் விரித்திருந்தது. அதன் மூலையில் கடைக்காரர் ஒட்டிய சீட்டுக்கூட இன்னும் கிழிக்கப்படவில்லை. கோழிக் குழம்பின் வாசனை வீடு முழுக்க நின்றது.

"வாங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க. ஒக்காருங்க" என்றார் பூமணி.

பாயைப் பார்த்தேன். முட்டியைக் கொஞ்சம் மடக்கிப் பார்த்தேன். கண்ணில் பூச்சி பறந்தது.

"பரவால்லீங்க. நிக்கறனுங்க" என்றேன்.

இன்னொரு முறை சொல்வார்கள், அதற்குள் ஒரு சாக்கு யோசித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பூமணி கணவரைப் பார்த்தார். பிறகு குனிந்து பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்தார். வந்தவன் நிற்கும்போது தான் உட்காரக்கூடாது என்று சன்னாசியும் நின்றார். பத்தடி அறையில் மூன்று பேரும் நின்றோம்.

தேத்தண்ணி என்று சொல்லிக் கண்ணாடித் தம்ளரில் கொடுத்தார்கள். வாசல் நிலையில் சாய்ந்து குடித்தேன். பையனின் வேலையைப் பற்றிச் சன்னாசி இரண்டு வார்த்தை சொன்னார், நான் ஒரு வார்த்தை சொன்னேன். பூமணி அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கி ஒரு தட்டால் மூடினார்.

"மகன்கிட்ட நாங்க சொல்லிக்கிறோம் தம்பி" என்றார், கோபமே இல்லாமல். "நீங்க வெசனப்படாதீங்க. மூத்தவனுக்குப் பேச வந்தவங்களும் இப்பிடித்தான், நின்னுகிட்டே தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாங்க. ரெண்டு எடம். நாங்க எப்பவும் சமைச்சு வச்சிருவோம், அது எங்க பழக்கம்."

அப்போதுதான் என் கால்சட்டை என்ன பேசியிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. அதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்படியே தம்ளரை வைத்துவிட்டுக் கும்பிட்டுக் கிளம்பினால் காரியம் சுலபமாக முடிந்துவிடும் என்று ஒரு கணம் தோன்றியது. மலை நெடுக என்னைப் பாடாய்ப் படுத்திய கேள்விக்கு, நான் வாயைத் திறக்காமலே பதில் போயாயிற்று. சரசுவிடம் நான் மறுத்ததாகக்கூடச் சொல்ல வேண்டாம். அந்த யோசனை வரவே இல்லை என்று எழுதினால் அது பொய்.

மூடி வைத்த சட்டியைப் பார்த்தேன். இரண்டு இடத்துக்குச் சமைத்து மூடிய அந்தக் கை, மூன்றாவது முறையும் ஒரு சத்தமும் இல்லாமல் மூடியது. எனக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்கம்மா" என்றேன். "நான் உக்கார மாட்டேன்னு நிக்கலீங்க. உக்கார முடியலீங்க. போன மாசம் வண்டியில இருந்து விழுந்துட்டனுங்க. முட்டியில காயம். இந்தப் பேண்ட்டு சுருங்கிக்கிச்சு, மடங்கவும் மாட்டீங்குது, கழலவும் மாட்டீங்குது."

இருவரும் என் காலைப் பார்த்தார்கள். சன்னாசி கிட்டே வந்து குனிந்து, விரல் முட்டியால் என் தொடைக்குக் கீழே தட்டிப் பார்த்தார். கதவைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது. இன்னொரு தரம் தட்டினார். பிறகு அவர் தோள் குலுங்கியது. பூமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். நானும் சிரித்தேன், சிரித்ததில் முட்டி வலித்தது.

சன்னாசி கூரைச் செருகலிலிருந்து கவாத்துக் கத்தியை எடுத்து வந்தார். வாசற்படியில் என்னைச் சாய்த்து நிறுத்தி, கணுக்காலிலிருந்து தொடை வரை பின்பக்கத் தையலை ஓட்டமாகப் பிரித்தார். தோலில் நுனிகூடப் படவில்லை. கட்டு ஒட்டியிருந்த இடத்தில் பூமணி உப்பு போட்ட வெந்நீரை ஊற்றி ஊற்றி இளக்கினார்.

"இந்தப் புண்ண வச்சிக்கிட்டு இவ்ளோ தூரம் வரணுமா தம்பி? ஒரு கடுதாசி போட்டிருந்தா நாங்க வந்திருப்போந்தானே" என்றார்.

பையிலிருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டேன். மறுபடியும் பாய் விரித்தார்கள். ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சோறு, கோழிக் குழம்பு, தேங்காய்ச் சம்பல். மலை நெடுக வராத முடிவு எந்தக் கணத்தில் வந்தது என்று எனக்கே தெரியாது. முதல் கவளத்துக்காகக் கையைச் சோற்றில் வைத்தபோது வந்திருந்தது. பூமணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிசைந்து வாயில் வைத்த பிறகுதான் அடுத்த கரண்டியை எடுத்தார். சன்னாசி எழுந்து வெளியே போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். பிரித்த தையலைப் பூமணி மறுபடி தைக்கவில்லை. காலுக்கு மூன்று இடத்தில் நாடா வைத்து முடிச்சுப் போடும்படி செய்திருந்தார். முன்பக்கம் கித்தான் காவல், பின்பக்கம் காற்று. வெயில் காலத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இதைவிடத் தோதான கால்சட்டையை எந்த டெய்லரும் தைத்துக் கொடுத்ததில்லை. மேட்டுப்பாளையத்துக் கொதிப்பிலும் அன்று கால் வேகவில்லை.

ஃபேக்டரி வரைக்கும் சன்னாசி கூடவே நடந்து வந்தார். நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

"காலு முடியலைன்னு வந்த ஒடனே சொல்லியிருக்கலாந்தானே தம்பி."

"கூச்சமா இருந்துச்சுங்க."

"எங்களுக்கும் அதேதான்" என்றார். "ஒக்காருங்கன்னு ரெண்டாந்தரம் சொல்லக் கூச்சம்."

இறக்கம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் விருந்தாளியை மூன்று முறையாவது உட்காரச் சொல்வோம். முதல் முறை சொன்னதுமே உட்காருகிறவனை நாகரிகம் தெரியாதவன் என்போம். வேண்டாம் என்று அவன் சொல்வதை நாங்கள் காதில் வாங்குவதே இல்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் நிஜமாகவே உட்கார மறுத்ததில்லை. மறுக்கப்பட்டுப் பழகியவர்கள் ஒரு முறைதான் கேட்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு சன்னாசியும் பூமணியும் பஸ் பிடித்துக் கணபதிக்கு வந்தார்கள். அம்மா உட்காரச் சொன்னதும் இருவரும், "இருக்கட்டுங்க" என்று வாசலிலேயே நின்றார்கள். அவர்கள் உட்காரும்வரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.