ராகு காலத்தில் மூடிய லேப்டாப்

அந்த வெள்ளிக்கிழமை ராயபுரத்தில் என் டைப்பிங் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, பென்டிரைவோடு வந்த மச்சான், மனு அடித்து வாங்க வந்த காசிமேட்டு மீன்கார அக்கா. ஐந்தாவது ஆள் உள்ளே வரவில்லை. எதிர்க் கடை கம்ப்யூட்டர்காரன் டீ கிளாஸோடு தன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான். அவனையும் சேர்த்துக்கொள்கிறேன். அவனுக்காகத்தானே அத்தனையும்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான்; மனு அடிப்பதுதான் என் பிழைப்பு. ஒரிஜினல் விண்டோஸ் என்று ஆயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டு அவன் போட்டுக் கொடுத்தது, பத்தே நாளில் திரை கறுத்து, ஒரிஜினல் இல்லை என்று காட்டியது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கடை நிறைய ஆள் இருக்கும்போதே சொன்னான்:

“எட்டாங்கிளாஸுக்கு ஒரிஜினல் இன்னா, டூப்ளிகேட் இன்னா மாமு?”

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மச்சானுக்குச் சாத்தாங்காட்டில், இரும்பு லாரி எடை போடும் இடத்தில் வேலை. அங்கே கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுவது லினக்ஸ். காசே கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றான். ஃபோனில் வீடியோ பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். பழைய மனுக்களை மூன்று இடத்தில் காப்பி எடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, மச்சானின் பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்ற ஆரம்பித்தோம். பாதி ஏறியிருக்கும்போது மனைவி, “பத்தரை ஆவுது, ராகு காலம்” என்றாள். நான் எதற்கும் பயப்படுகிறவன். மீதியைப் பன்னிரண்டுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை மூடிவிட்டேன். திறந்தபோது கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

“இன்னா மாமு, பால் ஊத்திட்டியா?” என்றான் எதிர்க் கடைக்காரன்.

அக்கா கூடையை இறக்கி வைத்தாள். “நீ போடு நைனா. இவன் சிரிப்பு அடங்காம நான் போவ மாட்டேன்.”

முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை மூடியைத் தொடவே இல்லை. ஏறி முடிந்ததும் பார்த்தால் வைஃபை வரவில்லை. ஃபோனை ஒயரில் மாட்டி நெட் எடுத்தோம். தமிழ் எழுத்து வருவதற்குள் மூன்று மணி. அக்காவின் மனு பிரிண்டரிலிருந்து வந்ததும், அதை அவன் கண்ணில் படும்படி தூக்கிப் பிடித்து, இரண்டு தடவை உரக்க வாசித்தேன்.

மறுநாளே போர்டு வைத்தேன்: லேப்டாப்புக்கு ஓ.எஸ். இலவசமாகப் போட்டுத் தரப்படும். அவனிடம் போகிற ஆட்கள் ரோடு தாண்டி வந்தார்கள். ஒரு மாதத்தில் அவனும் வந்தான்.

“பொயப்புல மண்ணு போடாத மாமு. போர்ட எட்துடு.”

“என் ஆயிரத்து இருநூற வை. எடுக்கிறேன்.”

ஐநூறு வைத்துவிட்டுப் போனான். போர்டு அங்கேயேதான் இருக்கிறது. அவன் கடையில் ஆள் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, இங்கிருந்தே சத்தமாகக் கேட்கிறேன். பாக்கி எழுநூறு ரூபாய்.