விஜிதாவும் என் தறியும்

என் விசைத்தறிச் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று அடுத்த வீட்டு விஜிதா பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் போன வருடம் மார்க் குறைந்ததற்கும் என் தறிதான் காரணமாம். நல்ல கல்லூரி வேண்டுமென்று இப்போது மறுபடியும் எழுதுகிறாள். அதற்காக நகராட்சியில் புகார் கொடுத்து, சாயங்காலம் தறியை நிறுத்த வைத்துவிட்டாள்.

“இனிமே படிச்சுக் கிழி ஏட்டி” என்று நிறுத்தினேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, வீங்கிய முகத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, தறி நின்னதுல இருந்து புத்தகத்தத் தொறந்தாலே தூங்கிருதேன். பொறந்ததுல இருந்து கேட்ட சத்தம்லா? பரீச்சை வேற பக்கத்துல வந்துட்டு.”

“அதுக்கு?”

“தறிய ஓட்டுங்க.”

“புகார யாரு வாபஸ் வாங்குவா?”

“அதப் பரீச்சை முடிஞ்சு பாப்போம். மொதல்ல தறிய ஓட்டுங்க.”